வெள்ளையடித்த வெடிப்பு

மகாவலி ஆறு தெரேசாவிடம் முதலில் வேலியைத்தான் கேட்டது. கேட்டது என்பது மரியாதைக்குச் சொல்வது. ஐப்பசியில் இழுத்துக்கொண்டு போனது. பிறகு துணி துவைக்கும் கல். பிறகு பப்பாசி மரம், காயோடு. கார்த்திகை மழை விட்டபோது குசினிச் சுவருக்கும் ஆற்றுக்கும் நடுவே ஒரு பாய் விரிக்கத்தான் இடம் மிச்சம். பாய் விரிக்கும் தைரியம் யாருக்கும் இல்லை.

திகன வீதியிலிருந்து ஆற்றுப் பக்கமாக இறங்கும் ஒழுங்கையில் கடைசி வீடு அது. தெரேசா அங்கே சோற்றுப் பார்சல் கட்டி விற்பவள். வீதியில் உள்ள கடைக்காரர்கள் எல்லாரும் பகலில் அவள் சமையலைத்தான் சாப்பிடுகிறார்கள். உப்புக் குறைந்தால் அவளிடம் போய்ச் சொல்கிற ஆள் இன்னும் பிறக்கவில்லை.

அந்த வாரம் குசினித் தரையில் உரித்து வைத்த உருளைக்கிழங்கு தானாக உருண்டு, ஆற்றுப் பக்க மூலையில் போய் நின்றது. எடுத்து வைத்தாள். மறுபடியும் உருண்டது.

“கெழங்குக்கும் குளிக்க ஆச வந்திருச்சி போல,” என்றான் அவள் புருஷன் கபிரியேல். ஆட்டோ ஓட்டுபவன், எதற்கும் ஒரு பகிடி வைத்திருப்பான்.

“வாய மூடிக்கிட்டு அந்த மூலையப் பாருங்க.”

ஜன்னலடியிலிருந்து தரை வரைக்கும் ஒரு வெடிப்பு. தெரேசா சுண்டுவிரலை விட்டுப் பார்த்தாள். விரல் போனது. குளிர்ந்த காற்று ஒன்று விரலை நக்கியது.

தப்புவதற்கு ஒரு வழி இருந்தது. கம்பி வலைக்குள் கருங்கல்லை நிரப்பிக் கரையோரம் அடுக்கினால் ஆறு கடிக்காது. கல் கொடுக்க லொறிக்கார முனாப் நானா தயார். ஆனால் ஆற்றங்கரையில் அனுமதி இல்லாமல் ஒரு கல் வைத்தாலும் வழக்கு. சாதாரண அனுமதி கைக்கு வருவதற்குள் அடுத்த மழை வந்துவிடும். அவசர அனுமதி என்றால் அதிகாரி வீட்டுக்கே வருவார். ஆபத்தைக் கண்ணால் கண்டால் நின்ற இடத்திலேயே கையெழுத்துப் போடுவார்.

தெரேசா கண்டியில் இருந்த அரசாங்கக் கந்தோருக்கு நடையாய் நடந்தாள். ஞாயிறு பூசைக்குக் கட்டும் சேலை, பவுடர், மடித்த கைலேஞ்சி. பார்த்தால் வீட்டை ஆறு கொண்டுபோகப் போகிறவள் மாதிரியே இல்லை. எப்படியோ ஒருநாள் போன் வந்தது: திங்கட்கிழமை அதிகாரி வருகிறார்.

இங்கேதான் தெரேசா தெரேசாவாகிவிட்டாள்.

அவள் பிறந்தது தேயிலைத் தோட்டத்து லயத்தில். துரை வருகிறார் என்று செய்தி வந்தால் லயம் முழுக்கச் சுண்ணாம்பு அடிப்பார்கள். துரையைக் கூப்பிட்டதே ஒழுகுகிற கூரையைக் காட்டி முறையிடத்தான் என்றாலும், முதலில் சுண்ணாம்பு, பிறகுதான் முறைப்பாடு. பெரிய மனிதர் வருகிற வீடு அலங்கோலமாக இருக்கக் கூடாது. அது அவளுக்குத் தாய்ப்பாலோடு வந்த சட்டம். நத்தார்ப் பண்டிகைக்கென்று வாங்கிய சுண்ணாம்பு கட்டிலடியில் தயாராக வேறு இருந்தது.

திங்கட்கிழமை காலையில் பள்ளிக்கூடப் பிள்ளைகளை இறக்கிவிட்டுக் கபிரியேல் வந்தபோது குசினி பளீரென்று இருந்தது. மூலையில் வெடிப்பைக் காணோம்.

“எங்கடி வெடிப்பு?”

“சீமெந்து வச்சி அடைச்சிட்டேன். வர்ற மனுசன் நம்மளப் பத்தி என்ன நெனப்பாரு?”

“அந்த வெடிப்பப் பாக்கத்தானேடி அவரு வர்றாரு!”

தெரேசா மேசன் கரண்டியோடு அப்படியே நின்றாள். மூக்கில் ஒரு சுண்ணாம்புப் பொட்டு. கபிரியேலுக்குச் சிரிப்பு வரப் பார்த்தது. அதற்குள் வெளியே ஆற்றில் ஏதோ பெரிதாகத் ‘தொப்’பென்று விழுந்தது. கூடவே ஒழுங்கையில் மோட்டார் சைக்கிள் சத்தம்.

அதிகாரியின் பெயர் ரவிகுமார். பிலிமத்தலாவைக்காரர், இளவயது. வாசலில் சப்பாத்தைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். அந்த மரியாதை தெரேசாவுக்குப் பிடித்துப்போனதில் அவள் வாய் இன்னும் அடைத்துப்போனது. தேத்தண்ணீரும் பட்டர் கேக்கும் கொண்டுவந்து வைத்தாள்.

“வீடு நல்லாத்தானே இருக்கு அக்கா? வெடிப்புன்னு சொன்னாங்களே?”

“சின்னதுதான் சேர்...”

“சின்னதுன்னா அவசரத்துல எடுக்க ஏலாது. பாதி வீடு போயி நிக்கிறவங்க எத்தன பேரு. மழ முடியட்டும், சாதாரண அனுமதி எடுப்போம்.”

கபிரியேல் அவளைப் பார்த்துக் கண்ணை உருட்டினான். சுவரைப் பார்த்தான். மறுபடி அவளைப் பார்த்தான். தெரேசா தரையைப் பார்த்தாள். ரவிகுமார் கையைத் துடைத்துக்கொண்டு எழும்பினார்.

மேலே ஒழுங்கை முனையில் லொறி ஒன்று திரும்பும் சத்தம் கேட்டது. கையெழுத்து எப்படியும் கிடைத்துவிடும் என்று அவள்தான் முனாப் நானாவை வரச் சொல்லியிருந்தாள்.

தெரேசா மூலையில் கிடந்த இரும்பு அலவாங்கை எடுத்தாள். அன்று காலையில்தான் தன் கையால் பூசி வெள்ளையடித்த சுவரில், வந்த விருந்தாளியின் முன்னால், ஓங்கிக் குத்தினாள். அப்படி ஒரு வெட்கத்தை அவள் அதுவரை பட்டதில்லை.

பூச்சு ஒரு பலகையாகக் கழன்று விழுந்தது. சுண்டுவிரல் போன இடத்தில் இப்போது முழுக் கையே போகும். வெடிப்புக்குள் வெளிச்சம் தெரிந்தது. வெளிச்சத்தில் ஆறு தெரிந்தது. சேற்று நிறத்தில், ஒரு அவசரமும் இல்லாமல் ஓடிக்கொண்டிருந்தது.

ரவிகுமார் வெறுங்காலோடு வெளியே ஓடினார். சுவரோரம் குப்புறப் படுத்துக் கீழே எட்டிப் பார்த்தார். எழும்பியபோது சட்டையெல்லாம் சேறு. முகம் வேறு யாருடையதோ போல் இருந்தது.

“அக்கா, குசினிக்கு அடியில மண்ணே இல்ல.”

“அப்ப கையெழுத்துப் போடுங்க சேர். கல்லு வந்திருச்சி.”

“கல்லு வைக்கக் கரை வேணுமே அக்கா. பாரம் ஏத்தினா எல்லாம் ஒண்ணாப் போயிரும். வீட்டுக்குள்ள யாரும் நிக்க வேணாம். இப்பவே வெளிய வாங்க.”

அவர் சொன்னது மனதில் இறங்குவதற்குள் இன்னொரு சத்தம் அவள் காதில் விழுந்தது. லொறி பின்பக்கமாக ஒழுங்கையில் இறங்கிக்கொண்டிருந்தது. நிறையக் கருங்கல். அவள் கெஞ்சிக் கூத்தாடி வரவழைத்த கல்.

தெரேசா ஓடினாள். கொண்டை அவிழ, இரண்டு கையையும் விரித்துக்கொண்டு லொறியின் பின்னால் போய் நின்றாள்.

“நிப்பாட்டுங்க நானா! நிப்பாட்டுங்க!”

லொறி குலுங்கி நின்றது. கற்கள் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டன. முனாப் நானா தலையை நீட்டினார்.

“என்ன தங்கச்சி, நீங்கதானே அவசரம்ண்டு உசிர வாங்கின? எங்க கொட்ட?”

கபிரியேல் வீட்டிலிருந்து வந்துகொண்டிருந்தான். வேறு எதையும் எடுக்காமல், அவள் சோறு ஆக்கும் பெரிய சட்டியை மட்டும் தலையில் கவிழ்த்திருந்தான். லொறிக்கும் வீட்டுக்கும் நடுவே, ஒழுங்கைச் சேற்றில், பென்சிலால் கீறியது போல ஒரு வெடிப்புக் கோடு கிடந்தது. சற்று முன்பு அது அங்கே இல்லை.

“தாண்டி வாங்க,” என்றாள் புருஷனிடம். தாண்டினான். ரவிகுமாரும் தாண்டினார். அவருடைய சப்பாத்து வாசலிலேயே கிடந்தது.

“மேல போங்க நானா.”

லொறி முக்கி முக்கி ஏறியது.

“இன்னும் மேல.”

“எவ்வளவு தூரத்துக்கு தங்கச்சி?”

தெரேசா திரும்பி வீட்டைப் பார்த்தாள். நத்தாருக்கு முந்தியே வெள்ளையடித்த வீடு. ஒழுங்கையிலேயே அழகான வீடு. சத்தம் போடாமல் நின்றது.

“தெரியல நானா,” என்றாள். “போய்க்கிட்டே இருங்க.”