இரண்டு ஆலங்குடி

என் அடையாள அட்டையில் பெயருக்குப் பின்னால் ஆலங்குடி என்று இருக்கும். குடும்பம் கப்பலேறி வந்திறங்கிய இந்த ஊரில் அட்டைக்குப் பதிவு செய்யப் போனபோது, மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த யாழ்ப்பாணத்துக் குமாஸ்தா, "உங்கட குடும்பப் பேர் என்ன?" என்று கேட்டார். நமக்கு ஏது குடும்பப் பெயர்? அப்பா பெயர் உண்டு, குலசாமி உண்டு. எங்கள் அய்யனார் இருக்கிற ஊரைச் சொன்னேன். அவர் அதை எழுதியபோது சாமியே கூட வந்து உட்கார்ந்ததுபோல் இருந்தது.

சில வருடம் கழித்து என் தங்கைக்கு ஒரு வரன் வந்தது. பையனுக்குத் துறைமுகத்தில் வேலை. அவனுடைய அப்பா தேக்கா மார்க்கெட்டில் தேங்காய்க் கடை வைத்திருந்தார். தரகர் கொடுத்த சீட்டில் அவன் பெயரோடும் ஆலங்குடி இருந்தது.

அம்மா சீட்டை மடித்துத் திருப்பிக் கொடுத்துவிட்டார். "நம்ம பேரு நம்ம சாமியோட ஊரு. அவங்களுக்கும் அதே பேருன்னா ஒரே சாமி. ஒரே சாமின்னா பங்காளி. அண்ணன் தங்கச்சிக்கா கல்யாணம் பண்ணுவாங்க?"

தங்கை அன்று சாப்பிடவில்லை. அப்பா போன பிறகு தள்ளிக்கொண்டே போன கல்யாணம். அவளுக்கு இருபத்தைந்து ஆகியிருந்தது. கோயிலில் பையனைப் பார்த்துச் சரியென்று தலையாட்டியும் இருந்தாள்.

வேண்டாம் என்பதை நேரில் சொல்வதுதான் மரியாதை என்று நான் மார்க்கெட்டுக்குப் போனேன். பையனின் அப்பா தேங்காய் துருவிக்கொண்டிருந்தார். நான் சொன்னதைக் கேட்டதும் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார்.

"உங்க குலசாமி யாரு தம்பி?"

"அய்யனாரு. ஊர்க் குளக்கரையில இருக்காரு."

"எங்களுக்குப் பேச்சியம்மா. நீங்க எந்த ஆலங்குடி?"

"புதுக்கோட்டைப் பக்கம். ஆலமரம் நெறஞ்ச ஊரு, அதான் அந்தப் பேருன்னு அப்பா சொல்வாரு."

"அப்ப வேற. நாங்க கும்பகோணத்துக்குத் தெக்க. சிவபெருமான் ஆலகால விஷத்தைக் குடிச்ச எடம்னு எங்க பக்கம் சொல்வாங்க." கடைகளைக் கை காட்டினார். "இந்த எடம் நமக்குத் தேக்கா. சீனங்க வச்ச பேரு, மூங்கிலுன்னு அர்த்தமாம். மலாய்க்காரங்களுக்கு எருமைக் கொட்டாய். ஒரு எடத்துக்கு இத்தன பேரு இருந்தா, ரெண்டு ஊருக்கு ஒரு பேரு இருக்கக் கூடாதா லா?" என்று இந்த ஊர்ப் பேச்சு வாடையோடு முடித்தார்.

அட்டையை எடுத்துப் பார்த்தேன். சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரிந்த அந்த ஒரு சொல்லுக்குள் ஒரு பக்கம் ஆலமரம், ஒரு பக்கம் ஈசனின் கண்டம். உலகத்தில் என் ஊர் ஒன்றுதான் ஆலங்குடி என்று இருந்துவிட்டேன். வேறு வேறு ஊரிலிருந்து கப்பலேறி வந்த இரண்டு குடும்பமும், இத்தனை வருடம் சிராங்கூன் ரோட்டு அம்மன் கோயிலில் பக்கத்துப் பக்கத்தில் நின்று கும்பிட்டிருக்கிறோம். நிற்க வைத்தவள் அந்த அம்மன்தான். வேறென்ன சொல்ல?

அம்மா லேசில் ஒப்பவில்லை. மறுநாளே அந்தக் கடைக்குப் போய், பேச்சியம்மாவுக்கு என்ன படையல், எந்த மாதம், கோயில் எந்தத் திசை பார்த்தது என்று ஒன்றுவிடாமல் விசாரித்தார். எங்கள் அய்யனாரோடு எதுவும் ஒட்டவில்லை என்று தெரிந்த பிறகுதான் வெற்றிலை பாக்கு மாற்றச் சம்மதித்தார்.

பத்திரிகை அடிக்கக் கொடுத்தபோது, தலைப்பில் இரண்டு சாமியையும் போடச் சொன்னார்.

"வழக்கமா ஒரு சாமிதானேம்மா போடுவாங்க," என்றார் அச்சுக்கடைக்காரர்.

"ரெண்டையும் போடுப்பா. கீழ ரெண்டு பக்கமும் ஆலங்குடின்னு பாத்துட்டு, பங்காளிக்குக் குடுத்துட்டாங்கன்னு ஊரு பேசும்."

பின்னால் நின்ற தங்கை சிரிப்பை அடக்க முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.