பெயர் வெட்டிய தட்டு

இதை எழுதலாமா வேண்டாமா என்று மூன்று நாள் யோசித்தேன். பத்தாவதோடு படிப்பை நிறுத்தியவள் நான். நாலு பேர் இருக்கிற இடத்தில் பேசவே கூச்சப்படுவேன். அப்படிப்பட்டவள் எழுத உட்காருவது அதிகப்படிதான். படிப்பவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

போன மாதம் அடையாறில் தம்பி வீட்டுக்குப் போயிருந்தேன். சமையலறையில் அவனுக்கென்று ஒரு தனி அலமாரி. குளூட்டன் இல்லாதது என்று அச்சடித்த பாக்கெட்டுகள் வரிசையாக இருந்தன. தம்பி மனைவி ஒவ்வொன்றையும் எடுத்துக் காட்டினாள். இது அவருக்கு, இதுவும் அவருக்கு, இதை யாரும் தொடக்கூடாது. எனக்கு நாற்பத்தைந்து வயது தாண்டிவிட்டது. ஆனாலும் அந்த அலமாரி முன்னால் நின்றபோது எனக்கென்று ஒரு பாக்கெட்டாவது இருக்கிறதா என்று கண் தேடியது. எனக்குப் பழக்கமான தேடல்தான் அது. ஒன்பது வயதில் தொடங்கியது.

அப்போது மயிலாப்பூரில், தெற்கு மாட வீதிக்குப் பின்னால் ஒரு சந்தில் குடியிருந்தோம். அப்பா தி.நகரில் ஒரு பேக்கரியில் மாவு பிசைகிற வேலையில் இருந்தார். அவரை நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம். எழுத்தில் அப்பா என்றே எழுதுகிறேன். விடியுமுன் போனால் மாலை நாலு மணிக்குச் சைக்கிளில் வருவார். புருவத்தில்கூட மைதா ஒட்டியிருக்கும். ஹேண்டில் பாரில் தொங்குகிற பையில் அன்றைக்கு விற்காத பன்னும், ஓரம் கருகிய பிஸ்கட்டும் இருக்கும். சந்தில் வேறு எந்தப் பிள்ளைக்கும் அப்படி ஒரு பை வராது. எனக்கு அதில் மிகுந்த பெருமை.

தம்பிக்கு அப்போது நாலு வயது. ஒரு வருஷமாக அவனுக்கு வயிறு போய்க்கொண்டே இருந்தது. கை கால் குச்சியாகவும் வயிறு மட்டும் பானையாகவும் ஆகிவிட்டான். பூச்சி மருந்து கொடுத்தார்கள், மந்திரித்தார்கள், கயிறு கட்டினார்கள். கடைசியில் பெரிய ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டர் குழாய் விட்டுப் பார்த்துச் சொன்னார். கோதுமையில் இருக்கிற ஒரு சத்து இவன் குடலுக்கு ஆகாது. கோதுமை, மைதா, ரவை எதுவும் கூடாது, ஒரு துணுக்குகூடக் கூடாது. இதற்கு மருந்து கிடையாது, சாப்பாடுதான் மருந்து.

அன்றோடு வீட்டில் எல்லாம் மாறியது. கோதுமை மாவு டப்பா பக்கத்து வீட்டுக்குப் போனது. கட்டிப் பெருங்காயத்தில் மைதா கலக்கிறார்கள் என்று யாரோ சொல்ல, ரசத்தில் பெருங்காயமும் நின்றது. வாசனையில்லாத அந்த ரசத்தை நானும்தான் குடித்தேன். அதற்காக யாரும் என்னைப் பாராட்டவில்லை. தம்பிக்குக் காலையில் இடியாப்பம், மாலையில் கேழ்வரகுப் புட்டு, எடை ஏறுவதற்குத் தினம் ஒரு முட்டை, நாலு முந்திரி. முந்திரியை அம்மா எண்ணி அவன் கையில் கொடுப்பாள். நான் பக்கத்திலேயே நிற்பேன்.

"இன்னாடி பாத்துக்கினு கீற? அவன் ஒடம்பு இன்னா, உன் ஒடம்பு இன்னா? போய்ப் படி."

பன் பையும் நின்றுவிட்டது. அப்பா வந்ததும் வீட்டுக்குள் வரக்கூடாது. பின்பக்கத்து அடிபம்பில் குளித்து, சட்டையை அங்கேயே அலசிப்போட்டு, கொடியில் தொங்குகிற லுங்கியைக் கட்டிக்கொண்டுதான் வர வேண்டும். அதற்குமுன் தம்பி ஓடிவந்தால் கையைத் தூக்கிக்கொண்டு பின்னால் நகருவார். "கிட்ட வராதடா ராஜா, நைனா மேல மாவு கீது." நான் கிட்டப் போனால் நகரமாட்டார். அதில் எனக்குக் கொஞ்சம் சந்தோஷம். ஆனால் குளித்து வந்த பிறகு ராத்திரி வரைக்கும் தம்பி அவர் மடியில்தான்.

இதெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டேன். தட்டைத்தான் பொறுக்க முடியவில்லை.

பழைய பாத்திரத்தில் பழைய மாவு ஒட்டியிருக்கும் என்று டாக்டர் சொன்னதால் அம்மா மாட வீதிப் பாத்திரக்கடையில் தம்பிக்குப் புதிதாக ஒரு தட்டும் டம்ளரும் கரண்டியும் வாங்கினாள். வேறு யாரும் மாற்றி எடுத்துவிடக்கூடாது என்று பெயர் வெட்டச் சொன்னாள். கடைக்காரர் ஒரு சின்ன மெஷினைப் பேனாபோலப் பிடித்து, ட்ர்ர் என்று, தட்டின் உள்விளிம்பில் இன்ஷியலோடு முழுப் பெயரும் வெட்டினார். சிலேட்டில்கூட எழுதத் தெரியாத பயலுக்கு எவர்சில்வரில் பெயர்! என் தட்டு அம்மாவின் கல்யாணத்துக்கு வந்தது. அதில் நான் பார்த்தேயிராத ஒரு மாமாவின் பெயரும் 'அன்பளிப்பு' என்ற வார்த்தையும் இருக்கும்.

தம்பி சாப்பிட உட்கார்ந்ததும் விரலால் எழுத்துக்களைத் தடவுவான். "இத்து என் பேரு. உன் தட்டுல உன் பேரு கீதா?"

"எனக்கும் வெட்டிக் குடும்மா" என்று கேட்டேன்.

"உனுக்கு இன்னா சீக்கா?" என்றாள் அம்மா.

வெள்ளிக்கிழமைகளில் உப்பும் மிளகாயும் எடுத்து அவனுக்குச் சுற்றிப் போடுவாள். "எனக்கும் சுத்திப் போடும்மா" என்று ஒருநாள் போய் நின்றேன். பக்கத்து போர்ஷன் அக்கா சிரித்தாள். "உன் மேல எவடி கண்ணு வெக்கப் போறா? நீ வெக்காம இருந்தா போதாதா?"

அந்த அக்கா விளையாட்டுக்குத்தான் சொன்னாள். ஆனால் எனக்குக் காது சுட்டது.

என் முகத்தில் அப்பா எதையோ பார்த்திருக்க வேண்டும். ஒருநாள் நான் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது சந்து முனையில் சைக்கிளோடு நின்றிருந்தார். சட்டைப் பையிலிருந்து காகிதத்தில் சுற்றிய ஒரு கிரீம் பன்னை எடுத்தார்.

"இந்தா பாப்பா. இங்கியே துன்னுட்டு, பம்புல கையி வாய் கழுவிக்கினு போ. வூட்டுக்குள்ள எடுத்துக்கினு போவாத. அம்மாகிட்டயும் சொல்லாத."

அதிலிருந்து தினமும் ஒரு பன். அவர் கொடுத்துவிட்டுப் பின்பக்கம் குளிக்கப் போய்விடுவார். முதல் வாரம் சொன்னபடிதான் செய்தேன். பிறகு ஒரு யோசனை வந்தது. அந்த நேரத்தில் அம்மா தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு தண்ணீர் லாரிக்குக் குடம் போடப் போயிருப்பாள். வீட்டில் யாரும் இருக்கமாட்டார்கள்.

பன்னைப் புத்தகப் பைக்குள் வைத்துக்கொண்டு உள்ளே போனேன். தம்பியின் தட்டை எடுத்தேன். சம்மணம் போட்டு உட்கார்ந்து, பன்னை அதில் வைத்து, அவன் பெயருக்கு மேலேயே கிரீமைத் தேய்த்துத் தேய்த்துச் சாப்பிட்டேன். இவனால் தின்ன முடியாததை இவன் தட்டிலேயே தின்கிறேன் என்று நினைக்க நினைக்க அவ்வளவு ருசி. அந்தப் பன்னின் ருசி பாதி, தட்டின் ருசி பாதி. பிறகு பாவாடையால் துடைத்து, பழைய இடத்திலேயே வைத்துவிட்டேன். அடுத்த நாளும் செய்தேன். அதற்கு அடுத்த நாளும்.

இரண்டு மாதமாகத் தேறிவந்த தம்பிக்கு மறுபடி வயிறு போக ஆரம்பித்தது. எனக்குச் சந்தேகமே வரவில்லை என்று சொன்னால் யாராவது நம்புவார்களா, தெரியவில்லை. பன்னைத் தின்றது நான். என் வயிற்றுக்குள் போனது அவனை எப்படி நோகவைக்கும்? துணுக்கு என்று டாக்டர் சொன்னது துண்டுதான் என்று நினைத்திருந்தேன். கண்ணுக்குத் தெரியாதது கணக்கில் சேராது.

அம்மா அரிசியை இரண்டுமுறை புடைத்தாள். கேழ்வரகை மிஷினில் அரைக்காமல் வீட்டிலேயே திரித்தாள். ஒன்றும் நிற்கவில்லை. டாக்டர் எடை பார்த்தார். இன்னும் ஒரு கிலோ இறங்கினால் படுக்கையில் சேர்த்துக் குளுக்கோஸ் ஏற்ற வேண்டும், அதற்கு மேல் தன் கையில் இல்லை என்றார். அன்று வீட்டுக்கு வந்ததும் தம்பி முந்திரியைக்கூட வேண்டாம் என்றான். "நீ துன்னு" என்று என்னிடமே நீட்டினான். வாங்கித் தின்றேன்.

மறுநாள் நான் தட்டும் பன்னுமாக உட்கார்ந்திருந்தபோது வாசலில் வெளிச்சம் மறைந்தது. அப்பா. கொடியில் லுங்கி இல்லை என்று கேட்க வந்திருக்கிறார். மாவுச் சட்டையோடு இருந்ததால் நிலைப்படியைத் தாண்டவில்லை. என்னைப் பார்த்தார், தட்டைப் பார்த்தார். அந்தப் பெயரின் குழிகளில் வெள்ளையாகக் கிரீம் நின்றது.

அடிப்பார் என்று நினைத்தேன். கையை மட்டும் நீட்டினார். "தட்டக் குடு."

அவர் பின்னாலேயே பம்புக்குப் போனேன். தன் கையை முழங்கை வரைக்கும் சோப்புப் போட்டுக் கழுவினார். பிறகு சாம்பல் போட்டுத் தட்டைத் தேய்த்தார். விளக்குமாற்றிலிருந்து ஒரு குச்சியை உருவி, ஒவ்வொரு எழுத்தாக நோண்டினார். மூன்று தண்ணீர் மாற்றினார். கடைசியில், "எத்தினி நாளா?" என்றார்.

விரலைக் காட்டினேன். இரண்டு கையும் போதவில்லை.

"வாயக் கழுவு" என்றார்.

குடத்தோடு வந்த அம்மா தம்பியை இறக்கிவிட்டதும் அவன் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். மறுபடி கழிந்திருந்தான். அம்மா குடத்தை அப்படியே வைத்துவிட்டு அப்பாவைப் பார்த்துக் கத்தினாள்.

"நான் இன்னாதான்யா செய்வேன்? அரிசியப் பாத்துட்டேன், பருப்பப் பாத்துட்டேன். உன் மேலர்ந்துதான் வருது. குளிச்சா மட்டும் போயிடுமா? உன் மயிர்ல கீது, நகத்துல கீது. நீ அந்த மாவுல கைய வெக்கிற வரிக்கும் எம் புள்ள பொயைக்க மாட்டான்யா!"

நான் கதவுக்குப் பின்னால் நின்றிருந்தேன். அப்பா என் பக்கம் திரும்பவே இல்லை.

"ஆமா, என்கிட்டர்ந்துதான் வருது" என்றார். "வேலைய வுட்டுர்றேன்."

அம்மா நம்பாமல் பார்த்தாள். பதினாறு வயதிலிருந்து அவருக்குத் தெரிந்த ஒரே வேலை அது.

"மெய்யாலுமா?"

"நாளைக்கே சொல்லிட்றேன். வுடு, அழுவாத."

எனக்கு முதலில் அப்பாடா என்று இருந்தது. தப்பித்துவிட்டேன். அப்பா தட்டை மறந்துவிட்டார் என்றே நினைத்தேன். பிறகு, பாயில் படுத்த பிறகு, அழுகை வந்தது. அடக்க அடக்க வந்தது. தம்பிக்காக அப்பா வேலையையே விடுகிறார். நாளையிலிருந்து எனக்குப் பன் கிடையாது. அதைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னாரா? எனக்காக இந்த மனுஷர் எதை விட்டிருக்கிறார்? தலையணையைக் கடித்துக்கொண்டு அதைத்தான் நினைத்து நினைத்து அழுதேன்.

மறுநாள் அப்பா பேக்கரிக்குப் போய்ச் சொல்லிவிட்டுப் பதினோரு மணிக்கே திரும்பினார். மேலில் மாவு இல்லாததால் குளிக்காமலே தம்பியைத் தூக்கிக்கொண்டு முடி வெட்டக் கூட்டிப் போனார். அன்று எனக்குப் பள்ளிக்கூடத்தில் கணக்குப் பரீட்சை. நூற்றுக்கு முப்பத்தெட்டு வாங்கினேன்.