பாக்கெட்டுக்குள் ஒரு முக்கோணம்

எங்கள் கட்டடத்தில் அவளுக்குப் பிரிச்சக்கா என்று பெயர். தையல்காரி என்று யாராவது சொல்லிவிட்டால் முகம் சுருங்கிவிடும். "தைக்கறதுக்கு மிஷின் இருக்கு. பிரிக்கறதுக்கு மிஷின் இருக்கா?" என்பாள்.

ஒரு பழைய கோட்டைக் கையில் எடுத்தால் அவள் முதலில் கத்திரிக்கோலைத் தேட மாட்டாள். கொக்கிபோல் வளைந்த சின்னக் கத்தி ஒன்று வைத்திருந்தாள். அதைத் தையலுக்குள் நுழைத்து ஒவ்வொரு இழையாக அறுத்து, அந்தக் கோட்டு கோட்டாவதற்கு முன்னால் எப்படித் துண்டு துண்டாக இருந்ததோ அந்த நிலைக்கே கொண்டுபோய்விடுவாள். பிரிக்கும்போதே அதைப் போட்டிருந்த ஆளைப் பற்றியும் சொல்வாள். "வலது முழங்கை மட்டும் தேய்ஞ்சிருக்கு, மேஜை வேலை. இடது தோள் வெளுத்திருக்கு, ஜன்னலோரம் உட்கார்ந்தே காலத்தைக் கழிச்சிருக்கான்."

பிரித்த துண்டுகளைத் துவைத்து, வினிகர் நனைத்த துணியை மேலே போட்டு, ஆவி பறக்க இஸ்திரி போடுவாள். பழைய ஊசித் துளைகள் மூடிக்கொள்ளும். வெளுத்த பக்கத்தை உள்ளே தள்ளிவிட்டு, வெயிலையே பார்க்காத உள்பக்கத்தை வெளியே கொண்டுவருவாள். பெண்கள் போடும் கவுனாகத் தைத்து முடிந்ததும் அது கடையிலிருந்து அப்போதுதான் வந்ததுபோல் இருக்கும். வாங்கிப் போகிறவர்களும் அப்படித்தான் நினைத்தார்கள். "பழசுன்னு ஒருத்தர் கண்டுபிடிச்சாலும் நான் தோத்துட்டேன்னு அர்த்தம்" என்பது அவள் கொள்கை.

இவ்வளவு செய்கிறவள் தனக்கென்று போட்டுக்கொண்டது முனைக்கடையில் தொங்கும் மலிவான நைலான் சட்டைகளைத்தான், அதுவும் புத்தம் புதிதாக. கேட்டால், "ஐயய்யே, யாரோ போட்டு அவுத்ததை நான் எப்படிப் போடறது?" என்று சொல்லிவிட்டுச் சாதாரணமாக ஊசியில் நூல் கோப்பாள்.

கட்டடத்தின் தரைத்தளத்தில் பின்வாசல் உள்ள அறை அவளுடையது. அவளும் அவள் தங்கையும் தூங்குவது, சமைப்பது, தைப்பது எல்லாம் அங்கேயே. பெரிய ஜன்னல். கறுப்புத் துணியில் கறுப்பு நூலைப் பிரிக்க அந்த வெளிச்சம் இல்லாமல் முடியாது. இதற்கு முன் மூன்று அறைகளிலிருந்து அவளைக் காலி செய்யச் சொல்லியிருந்தார்கள். மூன்று இடத்திலும் சொன்ன காரணம் ஒன்றுதான்: பழந்துணி வாடை.

இந்த அறைக்கும் வாடகை ஒப்பந்தத்தில் ஏழாவது ஷரத்து என்று ஒன்று இருந்தது. பழைய பொருட்களை வாங்கி விற்கும் தொழிலை இங்கே நடத்தக் கூடாது. கட்டடத்தில் எங்கள் மொழியோடு ஒப்பந்தம் எழுதியிருக்கும் மொழியையும் படித்தவன் நான் ஒருவன் என்பதால் எல்லார் வீட்டுக் காகிதமும் மூன்றாம் மாடிக்கு, என்னிடம் வரும். காகிதத்தைவிட என் கவலை எப்போதும் ஒரு பக்கம் கூடுதலாக இருக்கும். படித்துச் சொன்னபோது பிரிச்சக்கா கொஞ்சமும் அசரவில்லை.

"வாங்கறது பழசு தம்பி. விக்கறது புதுசு. பழசை வாங்கிப் பழசையே வித்தாத்தானே தப்பு?"

"அவங்க அப்படி அர்த்தம் எடுத்துக்க மாட்டாங்கக்கா."

"அவங்களுக்குத் தெரிஞ்சாத்தானே அர்த்தம் எடுப்பாங்க?"

தெரியாமல்தான் நாலு வருஷம் ஓடியது. வீடுகளில் தானமாகக் கொடுத்த பழைய சாமான்களை வாராவாரம் பக்கத்துத் தெருவில் தர்ம விற்பனை என்று விற்பார்கள். அதில் துணி வாங்கி, ஊருக்குப் போய் வருகிறவள்போல் சூட்கேசில் வைத்து இழுத்துக்கொண்டு பின்வாசல் வழியாக வருவாள். "உங்க அக்கா அடிக்கடி எங்க போயிட்டு வராங்க?" என்று யாராவது கேட்டால், "மாமியார் வீட்டுக்கு" என்பாள் தங்கை. பிரிச்சக்காவுக்குக் கல்யாணமே ஆகவில்லை.

ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க வேண்டிய மாதத்தில் இரண்டாம் மாடிக்காரர் யாரோ வாடை வருகிறது என்று புகார் சொல்லிவிட்டார். கட்டடத்துக்குச் சொந்தக்காரியான மேனேஜர் அம்மா நேரில் பார்க்க இறங்கி வந்தார். அவர் கணவர் ஏதோ பெரிய அலுவலகத்தில் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர். அலுவலகம் அவரை விட்டுவிட்டது, மேனேஜர் என்பது மட்டும் இரண்டு பேர் பெயரிலும் ஒட்டிக்கொண்டது.

கதவு தட்டும் சத்தம் கேட்டதும் தங்கை அன்று வந்த மூட்டையை மூலைக்குத் தள்ளி, அதன்மேல் போர்வையை விரித்து, தானும் ஏறி உட்கார்ந்துகொண்டாள்.

"பெரியவங்க வந்தா எழுந்திருக்க மாட்டியாம்மா?" என்றார் மேனேஜர் அம்மா.

"கால் சுளுக்கும்மா."

"வினிகர் வாடை வருதே?"

"சுளுக்குக்குத்தாம்மா தடவியிருக்கேன்."

மேனேஜர் அம்மா மூக்கைச் சுருக்கிக்கொண்டே அறையை ஒரு சுற்றுச் சுற்றினார். "எனக்குப் பழந்துணின்னாலே உடம்பெல்லாம் அரிக்கும். அப்படி ஏதாவது கண்ணுல பட்டுச்சு, முப்பதாம் தேதி கையெழுத்து கிடையாது, பாத்துக்கோ" என்று சொல்லிக்கொண்டே வந்தவர் ஜன்னலோரம் நின்ற, துணி மாட்டிப் பார்க்கும் பொம்மைக்கு எதிரே அப்படியே நின்றுவிட்டார்.

பொம்மைமேல் கருநீலக் கவுன் ஒன்று இருந்தது. கனமான துணி, ஆனால் விழுந்த விதம் தண்ணீர் மாதிரி. வலது மார்பில் சின்ன இலைக்கொத்து வேலைப்பாடு.

"இது யாருக்கு?"

"சும்மா தைச்சு வெச்சேம்மா."

"எனக்கு வேணும். இந்த மாதிரி துணியெல்லாம் இப்ப யாரு நெய்யறாங்க?" தடவிப் பார்த்தார். அரித்ததாகத் தெரியவில்லை. "எல்லாரும் இடது பக்கம் பூ வைப்பாங்க, நீ ஏன் வலது பக்கம் வெச்சே?"

"அதாம்மா இப்ப ஃபேஷன்."

அது ஃபேஷன் இல்லை. ஆண்கள் கோட்டில் மேல்பாக்கெட் இடது பக்கம் இருக்கும். துணியை உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பினால் பாக்கெட்டுக்காக வெட்டிய வாய் வலது பக்கம் போய்விடும். அதை மூடத்தான் இலைக்கொத்து.

"பாக்கெட் ரெண்டு வேணும்" என்றார் மேனேஜர் அம்மா. "சாவிக்கொத்தை நான் எங்க வெக்கறது? கையிலயா பிடிச்சுட்டே நிக்க முடியும்?" வாசல்வரை போனவர் திரும்பினார். "எங்க வீட்டுக்காரர்கிட்டயும் இதே கலர்ல ஒரு சூட் இருந்துச்சு. அந்த லாண்டரிக்காரன் தொலைச்சுட்டான். நாலு வருஷம் ஆச்சு, இவரு இன்னும் அதைச் சொல்லிச் சொல்லிப் புலம்பறாரு."

அவர் படியேறும் சத்தம் அடங்கியதும் தங்கை மூட்டையிலிருந்து இறங்கி வந்தாள்.

"அக்கா, இந்தத் துணி எங்க வாங்கினது?"

"விற்பனையிலதான்டி. வந்த புதுசுல வாங்கினது. நல்ல துணின்னு எடுத்து வெச்சுட்டே வந்தேன்."

"கோட்டும் பேண்ட்டுமாவா?"

"ஆமா."

"அடிப்பாவி. அடையாளம் ஏதாவது விட்டு வெச்சிருக்கியா?"

பிரிச்சக்காவுக்குக் கோபம் வந்தது. இத்தனை வருஷத்தில் ஓர் அடையாளத்தையாவது விட்டிருக்கிறாளா? கம்பெனி லேபிள், பொத்தான், காலர் கேன்வாஸ், லாண்டரிக்காரர்கள் இடுப்புப்பட்டியில் மையால் போடும் குறி, எல்லாம் முதல் நாளே வெட்டி எறிந்துவிடுவாள். இருந்தாலும் கவுனை உள்வெளியாகத் திருப்பி, ஒரு மணி நேரம் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். ஒன்றும் இல்லை. நிம்மதியாகப் பாக்கெட் வைக்க உட்கார்ந்தாள்.

பாக்கெட்டுக்கு உள்பை வேண்டும். புதுத் துணி வெட்ட அவளுக்கு மனசு வராது. எந்த ஆடையைப் பிரித்தாலும், கிழியாத உள்பையை அப்படியே கழற்றி ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டு வைப்பாள். கெட்டிப் பருத்தி, யாரும் பார்க்காத இடம், தூக்கி எறிய ஏன்? டப்பாவில் இருந்ததிலேயே நல்ல ஜோடியாகத் தேடி எடுத்து வைத்துத் தைத்தாள். எந்தப் பேண்ட்டிலிருந்து வந்தது என்று யோசிக்கவில்லை.

கட்டட உரிமையாளர்கள் சங்கக் கூட்டத்துக்கு மேனேஜர் அம்மா அந்தக் கவுனைப் போட்டுக்கொண்டு போனார். இரண்டு பேர் எங்கே வாங்கினது என்று கேட்டார்களாம். வெளிநாடு என்று சொன்னாராம். அப்புறம் அதை லாண்டரிக்குப் போட்டார்.

லாண்டரிக்காரரைப் பற்றியும் சொல்ல வேண்டும். எங்கள் தெருவில் லாண்டரி ஒன்றே ஒன்றுதான். சூட்டைத் தொலைத்தவர் என்பதால் மேனேஜர் சார் நாலு வருஷமாக அவரோடு பேசுவதில்லை, ஆனால் வாராவாரம் துணி மட்டும் போட்டுக்கொண்டிருந்தார். பையை மேஜையில் வைத்துவிட்டுச் சுவரைப் பார்த்து நிற்பார். லாண்டரிக்காரர் சுவரைப் பார்த்தபடியே ரசீது கொடுப்பார். தெருவில் மற்றவர்களும் துணி போடும்போது, "சூட் எதுவும் இல்லப்பா, பயப்படாதே" என்று சிரித்துவிட்டுப் போவார்கள். அவர் சிரிக்க மாட்டார்.

முப்பதாம் தேதி காலையில் மேனேஜர் அம்மா ஒப்பந்தத்தோடு பிரிச்சக்காவின் அறைக்கு வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். சாட்சிக் கையெழுத்துக்கு என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். மூட்டைகளையெல்லாம் முந்தின நாளே என் வீட்டுக் கட்டிலுக்கடியில் தள்ளியிருந்தார்கள், அதனால் என் உயிர் என்னிடம் இல்லை. பேனா மூடி திறந்தாயிற்று. அப்போது லாண்டரிக்காரர் ஹேங்கரில் கவுனோடு உள்ளே வந்தார். அவருக்குப் பின்னால் மேனேஜர் சாரும் வந்தார்.

"என்ன ரெண்டு பேரும் சேர்ந்து?" என்றார் மேனேஜர் அம்மா.

"நான்தாம்மா சாரைக் கூட்டிட்டு வந்தேன்" என்றார் லாண்டரிக்காரர். "துவைக்கறதுக்கு முன்னாடி பாக்கெட்டைத் திருப்பிப் பாக்கறது வழக்கம். சில்லறை, காகிதம் ஏதாவது இருக்கும். திருப்பினேன். பாருங்க."

கவுனின் பாக்கெட்டை வெளியே இழுத்தார். வெள்ளை உள்பையின் அடியில், மங்கிய மையில் ஒரு முக்கோணம், உள்ளே இரண்டு புள்ளி.

"இது என் கை. சார் வீட்டுக்கு நான் போடற குறி. இடுப்புப்பட்டியில போட்டா பெரிய மனுஷங்களுக்குப் பிடிக்காதுன்னு பாக்கெட்டுக்குள்ள போடுவேன். அம்மா கவுனுக்குள்ள சார் பேண்ட்டு பாக்கெட்டு எப்படி வந்துச்சு?"

மேனேஜர் சார் துணியைக் கையில் எடுத்து உள்பக்கம் புரட்டினார். வெளுத்த நீலம். "என் சூட்டு" என்றார். நாலு வருஷத்தில் அவர் லாண்டரிக்காரர் முகத்தைப் பார்த்தது அப்போதுதான். "அப்ப நீதான் வித்திருக்கே!"

லாண்டரிக்காரர் இதை எதிர்பார்க்கவில்லை. குற்றமற்றவன் என்று காட்டக் கொண்டுவந்த சாட்சி அவர் கழுத்தையே பிடித்துக்கொண்டது.

நான் பிரிச்சக்காவைப் பார்த்தேன். அவள் பேனாவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இன்னும் ஒரு நிமிஷம் வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும், கெட்ட பெயர் அவருக்கு, அறை அவளுக்கு. தங்கை அவள் முழங்கையைக் கிள்ளினாள்.

"அவரு விக்கல சார்" என்றாள் பிரிச்சக்கா. "நான் தர்ம விற்பனையில வாங்கினேன். என் தொழிலே அதுதான். பழசைப் பிரிச்சுத்தான் இங்க எல்லாம் தைக்கறேன்."

தங்கை கண்ணை மூடிக்கொண்டாள். நான் மனசுக்குள் ஏழாவது ஷரத்தைப் படித்துக்கொண்டிருந்தேன்.

மேனேஜர் சார் மெதுவாக மனைவி பக்கம் திரும்பினார். "தர்ம விற்பனையா? நம்ம வீட்டுலேர்ந்து அங்க மூட்டை கட்டிக் குடுக்கறது யாரு?"

மேனேஜர் அம்மா பேனா மூடியைத் திருகினார், திறந்தார், மறுபடி திருகினார். பிறகு எனக்குத் தெரிந்து உலகத்திலேயே மிக அழகான சிரிப்பு ஒன்று சிரித்தார்.

"நான்தான் குடுத்தேன். இவகிட்டத் தைக்கறதுக்கு. தொப்பை விழுந்தப்புறம் அந்த சூட்டு உங்களுக்கு ஏறலை. உங்க ஞாபகமா நானாவது போட்டுக்கலாமேன்னு. பெரிய ஆச்சரியமா இருக்கட்டும்னுதான், யார் கேட்டாலும் விற்பனையில வாங்கினதாச் சொல்லுன்னு இவகிட்டச் சொல்லி வெச்சிருந்தேன்."

"நாலு வருஷமாவா?"

"நல்ல வேலைப்பாடு. நேரமாகாதா?" பிரிச்சக்காவை ஒரு பார்வை பார்த்தார். "சொல்லேன்மா."

"ஆமா சார்" என்றாள் பிரிச்சக்கா. "பிரிக்கவே நாளாச்சு."

"அப்ப நான் தொலைக்கல" என்றார் லாண்டரிக்காரர்.

"நீ தொலைக்கலப்பா" என்றார் மேனேஜர் அம்மா.

"கொஞ்சம் சத்தமாச் சொல்லுங்கம்மா. கதவு திறந்துதான் இருக்கு."

அவர் சொன்னார். எதிர்வீட்டு ஜன்னல்வரை கேட்கும்படி சொல்லவைத்துவிட்டுத்தான் லாண்டரிக்காரர் கிளம்பினார். மேனேஜர் அம்மா என் பக்கம் ஒப்பந்தத்தைத் தள்ளினார். "அந்த ஏழாவதை அடிச்சிருங்க. பழசைப் புதுசாக்கறது எவ்வளவு உயர்ந்த தொழில்! நானே பழைய துணியைக் குடுத்துத் தைக்கற ஆளு." அடித்தேன், அவசரத்தில் எட்டாவதும் பாதி போயிற்று. யாரும் கவனிக்கவில்லை.

இப்போது வாடை பற்றி யாராவது பேசினால் மேனேஜர் அம்மாவுக்குக் கோபம் வருகிறது. சங்கக் கூட்டத்தில் மறுபயன்பாடு என்று அரைமணி நேரம் பேசினாராம். பிரிச்சக்காவுக்குத்தான் வருத்தம். பழசு என்று எல்லோருக்கும் தெரிந்துவிட்டதால், பழசு மாதிரியே தெரியட்டும் என்று கேட்டு வருகிறார்கள். "இத்தனை வருஷம் மறைக்கக் கத்துக்கிட்டேன். இனிமே காட்டக் கத்துக்கணுமாம்" என்று முனகுகிறாள்.

போன வாரம் மேனேஜர் சார் பின்வாசல் வழியாக வந்தார். கையில் ஒரு பை. உள்ளே மேனேஜர் அம்மாவின் பழுப்பு நிறக் குளிர்க்கோட்டு, விலையுயர்ந்தது, ஒரு பொத்தான்கூடத் தளரவில்லை.

"இதுல எனக்கு ஒரு மேல்கோட்டு வருமாம்மா?"

"வரும் சார். அம்மாவுக்குத் தெரியுமா?"

"கேட்டா லாண்டரிக்காரன் தொலைச்சுட்டான்னு சொல்லிக்கறேன்."

பிரிச்சக்கா கோட்டை மேஜைமேல் விரித்தாள். கொக்கிக் கத்தியை எடுத்தாள், கீழே வைத்தாள். முதலில் இரண்டு பாக்கெட்டையும் வெளியே இழுத்தாள். முக்கோணம், இரண்டு புள்ளி.

"இதை மட்டும் அப்படியே விட்டுடறேன் சார்" என்றாள்.