அண்ணி காய்ச்சிய தண்ணீர்

நான் வாழும் தென் ஜெர்மனிய ஊரில் சமையலறைக் குழாயில் வருவதும் குளியலறைக் குழாயில் வருவதும் ஒரே தண்ணீர்தான். எதை வேண்டுமானாலும் பிடித்து அப்படியே குடிக்கலாம். வந்த புதிதில் இதை நம்ப எனக்கு மனம் வரவில்லை. ஒருவழியாக நம்பத் தொடங்கிய சமயத்தில் எதிர்வீட்டு அம்மாள் ஃப்ராவ் கெல்லர் தேநீருக்கு அழைத்தார். போய்ப் பார்த்தால், குழாய்த் தண்ணீரை ஒரு பிளாஸ்டிக் ஜாடியில் ஊற்றி வடிகட்டிக்கொண்டிருக்கிறார்! என் அரைகுறை ஜெர்மனில், “தண்ணீரில் ஏதாவது கெடுதலா?” என்று கேட்டேன். அவர் முகம் சட்டென்று மாறிவிட்டது. “எங்கள் தண்ணீரிலா? கைக்குழந்தைக்குக்கூடக் கொடுக்கலாம். இது தேநீருக்காக. சுண்ணாம்பு இருந்தால் மேலே ஆடை படிந்து பார்க்க நன்றாக இருக்காது.” நான் ஊரைக் குறை சொன்னதாக அவர் நினைத்துவிட்டார். அவர் எதையோ மறைப்பதாக நான் நினைத்தேன். பிறகு சில நாட்கள் படிக்கட்டில் பார்த்தால் தலையை மட்டும் அசைத்துவிட்டு விலகிப் போனோம். தேநீரின் அழகுக்காகத் தண்ணீரை வடிகட்டும் அளவுக்குக் கவலையற்ற ஒரு பெண்ணைப் பார்த்து எனக்கு வந்தது, உள்ளதைச் சொன்னால், பொறாமைதான்.

காரணம் இருந்தது. அந்த ஆண்டின் தொடக்கத்தில் ஆரணியில் என் அப்பாவுக்கு மஞ்சள் காமாலை. கண், நகம் எல்லாம் மஞ்சளாகி, சோற்றைக் கண்டாலே குமட்டி, பாதி உடம்பாகிப் போனாராம். ‘ஆனாராம், போனாராம்’ என்றுதான் என்னால் எழுத முடிகிறது. அவர் எழுந்து நடமாடத் தொடங்கிய பிறகுதான் எனக்குச் சேதி வந்தது. அம்மா இறந்தபிறகு அந்த வீட்டைப் பார்த்துக்கொள்பவள் அண்ணன் மனைவி சுமதி. தண்ணீரைக் கொதிக்கவைத்து, ஆறவைத்து, கஞ்சி கரைத்து ஊட்டி, அப்பாவை மீட்டவள் அவள். “தூர இருக்கிற, சொன்னா பேஜாராயிடுவ. அதான் சொல்லல கௌரி” என்றாள் தொலைபேசியில். நன்றி சொல்லியிருக்க வேண்டும். எனக்கோ நெஞ்சு எரிந்தது. என் அப்பாவின் நோயை எனக்குச் சொல்வதா வேண்டாமா என்று முடிவெடுக்க இவள் யார்?

அன்றைக்கே தீர்மானித்தேன்: இனி அப்பா குடிக்கிற தண்ணீர் நான் தேர்ந்தெடுத்ததாக இருக்கவேண்டும். வேலை முடிந்து வந்து கணினி முன் உட்கார்ந்து படித்துத் தள்ளினேன். வெளிச்சம் பாய்ச்சிக் கிருமியைக் கொல்லும் எந்திரம் உண்டு, ஆனால் உப்பு அப்படியே இருக்கும். உப்பையும் சேர்த்து வடித்துத் தள்ளுவது ஆர்.ஓ. எந்திரம். எங்கள் தெரு ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில் சோப்பு நுரைக்காது, துவரம்பருப்பு லேசில் வேகாது. ஆகவே ஆர்.ஓ.தான் என்று சொல்லிவிட்டேன். அண்ணி ஒத்துக்கொள்ளவில்லை. “கொதிக்க வெச்சா பூச்சி எல்லாம் செத்துடும். அப்புறம் கேண்டில் ஃபில்டர்ல ஊத்தினா தெளிஞ்சிடும். இதுக்கு மேல இன்னா வேணும்?” என்றாள். அவள் சொல்வதில் நியாயம் இருந்ததுதான் எனக்குப் பொறுக்கவில்லை. வாரா வாரம் தொலைபேசி அட்டையைச் சுரண்டி எண்ணைப் போட்டு அவளோடு தண்ணீர்ச் சண்டை போட்டேன். அண்ணன் தறி வேலை இருப்பதாகச் சொல்லி நழுவிவிடுவான்.

கடைசியில் அப்பா தலையிட்டார். அவர் பட்டு நூலுக்குச் சாயம் போடுபவர், பின்கட்டில் சொந்தப் பட்டறை. எந்திரம் விற்க வந்தவர்கள் கண்ணாடித் தம்ளரில் மின்கம்பிகளை விட்டு, குடிக்கிற தண்ணீரைச் சேறாக்கிக் காட்டி வீட்டாரைப் பயமுறுத்தினார்களாம். அப்பா அசையவில்லை. அவருக்குத் தண்ணீரைச் சோதிக்கத் தெரிந்த வழி ஒன்றுதான். நடந்ததை அண்ணியே சிரிப்பை அடக்கமாட்டாமல் சொன்னாள். “மாமா இன்னா பண்றாரு தெரியுமா? கம்பெனிகாரங்க கொண்டாந்த தண்ணி, என் ஃபில்டர் தண்ணி, எல்லாத்தியும் தனித்தனி குண்டான்ல ஊத்தி, சோப்பு போட்டு பட்டு நூல வேவ வெச்சிகினு கீறாரு! வந்தவனுங்க வாயப் பொளந்துகினு நிக்கிறானுங்க.” சாயம் ஏற்றுமுன் நூலின் பசை போக இப்படித்தான் வேகவைப்பார்கள். மறுநாள் முடிவு வந்தது. அண்ணியின் தண்ணீரில் வெந்த நூல் மேல் சோப்பு திப்பி திப்பியாய்ப் படிந்திருந்தது. ஆர்.ஓ. தண்ணீரில் வெந்தது மல்லிகைப்பூ போல வெளுத்து வந்தது. “நீ ஜெயிச்சிட்டம்மா” என்றார் அப்பா தொலைபேசியில். எனக்குத் தலைகால் புரியவில்லை. மறுநாளே எந்திரத்துக்குச் சொல்லிப் பணமும் அனுப்பிவிட்டேன்.

அடுத்த கோடையில் விடுமுறைக்கு ஊருக்குப் போனேன். செருப்பைக் கழற்றியதும் சமையலறைக்குத்தான் ஓடினேன். சுவரில் எந்திரத்தைக் காணோம். மேடையில் அதே பழைய எவர்சில்வர் கேண்டில் ஃபில்டர், பளபளவென்று துலக்கி, குழாயில் துணி கட்டி வைத்திருந்தது. எந்திரம் பட்டறைச் சுவரில் இருந்தது. அதன் மெல்லிய குழாய் ஒரு நீல பீப்பாய்க்குள் சொட்டிக்கொண்டிருந்தது. பக்கத்தில் மூங்கில் கழியில் சந்தன நிறத்தில் நூல் காய்ந்துகொண்டிருந்தது.

“இன்னாப்பா இது? குடிக்கறதுக்குத்தான வாங்கிக் குடுத்தேன்!”

“அந்தத் தண்ணில ருசி எங்கமா கீது? வாயில ஊத்தினா ஒண்ணுமே தெரியல. ஆனா கலருக்கு வெச்சிக்கோ, அந்த மாதிரி தண்ணி ஆரணியிலயே கெடையாது. பிஸ்கட் கலரு, சந்தனக் கலருன்னா முன்னெல்லாம் திட்டு திட்டா நிக்கும். இப்ப பாரு, ஒரே சீரா புடிச்சிக்கினு கீது. வர்றவங்க போறவங்க எல்லார்கிட்டயும் எம்பொண்ணு வாங்கிக் குடுத்ததுன்னு சொல்லிகினு கீறேன்.”

அவர் முகத்தில் அத்தனை பெருமை. இருந்தாலும் நான் விடவில்லை. மத்தியானம் அவர் சாப்பிட உட்கார்ந்தபோது எந்திரத் தண்ணீரை ஒரு சொம்பில் பிடித்து இலை ஓரம் வைத்தேன். என் மனம் கோணக்கூடாதென்று இரண்டு மடக்குக் குடித்தார். அப்புறம் சமையலறைப் பக்கம் திரும்பி, “சுமதி, தண்ணி குடும்மா” என்றார். அவள் கொண்டுவந்து ஊற்றினாள். சீரக வாசனை. ஒரே மூச்சில் குடித்துவிட்டு ஏப்பம் விட்டார். என் சொம்பு அப்படியே இருந்தது.

பின்னால் போய்ப் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தவளிடம், “உங்களுக்குச் சந்தோஷம்தான அண்ணி?” என்று கேட்டேவிட்டேன். அவள் கையைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். “எனக்கு இன்னா சந்தோஷம்? நீ அனுப்பின மிஷின ஊரையே கூட்டிம்போய் காட்டறாரு. களம்பூர்லருந்துகூட ஆள் வந்து பாத்துட்டுப் போறாங்க. நான் தெனம் அடுப்பாண்ட நின்னு காய்ச்சறனே, அத ஒருத்தர்கிட்டயாவது சொல்லியிருப்பாரா?” வெட்கப்பட்டிருக்க வேண்டும். ஆனால் அவளுக்கும் என்மேல் பொறாமை என்று தெரிந்ததும் எனக்கு ஏதோ ஒரு நிம்மதி. அன்றைக்கு அவள் கொடுத்த தண்ணீரை நானும் குடித்தேன். நன்றாக இருந்தது. அதுவும் எரிச்சலாகத்தான் இருந்தது.

கிளம்பும் நாளில் அப்பா ஒரு பட்டுப் புடவை கொடுத்தார். சந்தன நிறம், அரக்கு பார்டர். “உன் தண்ணில போட்ட கலரு” என்றார். அண்ணி வழிக்குக் குடிக்க ஒரு பாட்டிலில் காய்ச்சிய தண்ணீர் ஊற்றிக் கொடுத்தாள். சென்னை விமான நிலையத்தில் சோதனைக்காரப் பெண் பாட்டிலை எடுத்து ஓரமாக வைத்தார். “தண்ணி எடுத்தும் போவக் கூடாது மேடம். போட்டுட்டுப் போங்க, உள்ள வாங்கிக்கலாம்” என்றார். அவர் காட்டிய தொட்டியில் பாதி குடித்த பாட்டில்கள் குவிந்து கிடந்தன. நான் பாட்டிலைத் திருப்பி வாங்கி, வரிசையை விட்டு நகர்ந்து நின்று குடிக்க ஆரம்பித்தேன். தாகம் இல்லை. வயிறு நிறைந்து மூச்சு முட்டியது, ஆனாலும் நிறுத்தவில்லை. என் தண்ணீர் புடவையாகிப் பெட்டிக்குள் போய்விட்டது. இது அப்பா குடிக்கிற தண்ணீர். நாளைக்கும் அங்கே அண்ணி ஒரு பானை காய்ச்சுவாள். எனக்கு இவ்வளவுதான். கடைசிச் சொட்டு வரை அண்ணாந்து குடித்துவிட்டு, காலிப் பாட்டிலை மூடிக் கைப்பையில் வைத்துக்கொண்டேன்.