கம்பத்தில் பட்ட பந்து

எங்கள் வீட்டு பேஸ்மென்டில் வாடகைக்கு இருந்தவள் மெல்பேர்ணில் பிறந்து வளர்ந்த தமிழ்ப் பிள்ளை. இரண்டு வருட வேலை விசாவில் ரொறன்ரோவுக்கு வந்திருந்தாள். முட்டை வடிவப் பந்தைக் கையாலும் காலாலும் ஆடுகிற அவுஸ்திரேலிய உதைபந்தாட்டம் என்றால் அவளுக்கு உயிர். இங்கேயும் அதற்குப் பெண்கள் போட்டித் தொடர் ஒன்று இருந்தது. இரண்டாவது வருடம் அவள் ஓர் அணிக்குத் தலைவியாகிவிட்டாள். அணியில் ஆட்கள்தான் போதவில்லை.

மே மாதத்தில் ஒருநாள் நான் கீழே உடுப்புத் தோய்க்கப் போனபோது கேட்டாள்.

"அக்கா, சனிக்கிழமையில சும்மாதானே இருக்கிறியள்? விளையாட வாங்கோவன்."

எனக்கு நாற்பத்தொரு வயது. பள்ளிக்கூடத்தில் வலைப்பந்து ஆடியதோடு சரி. மறுக்கத்தான் வாயைத் திறந்தேன். "வாறன்" என்று வந்துவிட்டது.

கணவர் சிரித்தார். "உனக்கென்ன விசரே? இந்த வயசில பந்துக்குப் பின்னால ஓடப்போறியே?" ஆனால் மறுநாள் வேலையால் வரும்போது எனக்கு ஆணி வைத்த சப்பாத்து ஒரு சோடி வாங்கிவந்தார்.

இரண்டாவது ஆட்டத்திலேயே, பந்தைப் பிடிக்கப் பாய்ந்து சுண்டுவிரலை முறித்துக்கொண்டேன். இனி வீட்டோடுதான் என்று நினைத்தபோது அவள் இரண்டு வெள்ளைக் கொடிகளைக் கொண்டுவந்து தந்தாள். கோல் கம்பங்களுக்குப் பின்னால் நின்று புள்ளி சொல்ல ஒவ்வோர் அணியும் ஓர் ஆளைத் தரவேண்டுமாம். வரிசையாக நிற்கும் நான்கு கம்பங்களில் நடு இரண்டுக்கும் இடையால், உதைத்த பந்து எதிலும் படாமல் போனால் ஆறு புள்ளி, இரண்டு கொடி. கம்பத்தில் பட்டால் ஒரு புள்ளி, ஒரு கொடி.

"நீங்கள் சொல்லுறதுதான் முடிவு அக்கா. நடுவரே உங்களைத்தான் கேப்பா."

மருந்துப் பெட்டிகளுக்கு லேபிள் ஒட்டுவது என் வேலை. அங்கே என்னிடம் யாரும் எதற்கும் முடிவு கேட்பதில்லை. அந்தக் கோடை முழுவதும் சனிக்கிழமைகளுக்காகவே காத்திருந்தேன்.

தொடக்கத்தில் தோற்றுக்கொண்டே இருந்தோம். ஜூலையில் வெல்லத் தொடங்கினோம். ஓகஸ்ட் கடைசியில் ஒரே ஓர் ஆட்டம் மிச்சம். வென்றால் இறுதிப்போட்டி. அடுத்த மாதம் அவளுடைய விசா முடிகிறது.

அந்த ஆட்டம் முடிய ஒரு நிமிடமும் இல்லை. நான்கு புள்ளி பின்னால் நிற்கிறோம். அவள் பந்தைப் பறித்து, திரும்பி, தூரத்திலிருந்தே உதைத்தாள். பந்து சுழன்றுகொண்டு என்னை நோக்கி வந்தது. இடது கம்பத்தின் உட்புறத்தை உரசியது. மெல்லிய ஒரு சத்தம். சுழற்சி மாறி உள்ளே விழுந்தது.

அவள் இரண்டு கைகளையும் தூக்கினாள். எங்கள் பெண்கள் அவள்மேல் பாய்ந்து விழுந்தார்கள். நடுவர் ஓடிவந்து என்னைப் பார்த்தார்.

"கம்பத்தில் பட்டது" என்றேன். ஒரு கொடியை மட்டும் அசைத்தேன்.

மூன்று புள்ளியால் தோற்றோம்.

வழக்கமாக எங்கள் காரில்தான் அவள் வீடு திரும்புவாள். அன்று வேறொருத்தியுடன் போய்விட்டாள். பின்னேரத் தேத்தண்ணிக்கு மேலே வருகிறவள் மூன்று நாளாக வரவில்லை. எனக்குச் சோறு இறங்கவில்லை.

"கண்டதைத்தானே சொன்னனீ? பிறகென்ன?" என்றார் கணவர். அவருக்குச் சுலபம்.

நாலாம் நாள் வந்து குசினி வாசலில் நின்றாள்.

"அக்கா, நானும் கண்டனான்."

"எதை?"

"பந்து உரசினதை. கண்டுகொண்டுதான் கையைத் தூக்கினனான். நீங்கள் கவனிச்சிருக்க மாட்டியள் எண்டு நினைச்சன்." அழத் தொடங்கிவிட்டாள். "உங்களில கோவமில்லை. உங்கட முகத்தைப் பாக்க வெக்கமாக் கிடந்தது."

அவளைக் கதிரையில் இருத்தினேன். யாரிடமும் சொல்லாததை அவளிடம் சொன்னேன். "நானும் ஒரு செக்கன் ரெண்டு கொடியையும் இறுக்கிப் பிடிச்சனான், பிள்ளை."

மூக்கைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். பிறகு இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அன்று அவள் நாலு ரொட்டி சாப்பிட்டாள்.

இறுதிப்போட்டியை மூன்று பேருமாகப் போய்ப் பார்த்தோம். நல்ல மழை. எங்களை வென்ற அணிக்காக அவள் தொண்டை கிழியக் கத்தினாள். கணவர் விதி ஒன்றும் விளங்காமல், பிழையான நேரமெல்லாம் கைதட்டினார்.

விமான நிலையத்தில் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு சொன்னாள்: "அடுத்த வருசம் கொடியை வேறை ஆரிட்டையாவது குடுத்திட்டு நீங்கள் விளையாடவேணும்."

விளையாடினேன். முதல் ஆட்டத்தில் ஒரு பந்தைச் சரியாகப் பிடித்தேன். அன்றிரவே அவளுக்கு அழைத்துச் சொன்னேன்.