மகளின் உதைபந்தாட்டம் பார்க்கப் போய் வாயால் கெட்ட சனிக்கிழமை

மே மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில் ஜேர்மனியின் ஆஹென் நகருக்கு அப்பாலுள்ள ஒரு சிற்றூருக்குப் போய்வந்தேன். ஊர் பார்க்க அல்ல, என் மகள் கீர்த்தனாவின் உதைபந்தாட்டம் பார்க்க. அவள் படிப்பது அங்கேயுள்ள சின்னக் கல்லூரியில். மைதானத்தில் ஐம்பது பேர் கூடினாலே அது திருவிழா. அப்படிப்பட்ட இடத்துக்கு, இரண்டாம் பிரிவு மகளிர் கழகம் ஒன்றிலிருந்து ஸ்கௌட் வருகிறார் என்று செய்தி வந்தது. நல்ல ஆட்டக்காரரைத் தேடி ஊர் ஊராக அலைவதுதான் இந்த ஸ்கௌட்டுகளின் வேலை. கீர்த்தனாவுக்கு இது கடைசி வருடம், கடைசி ஆட்டம். இன்று ஒருவர் கண்ணில் படாவிட்டால் பிறகு படித்த வேலை, பொழுதுபோக்குக்குப் பந்து, அவ்வளவுதான்.

கொலோனில் வீட்டைவிட்டு இறங்கும்போதே மனைவி எச்சரித்தாள். “ஆரிட்டையும் பிள்ளையைப் பற்றிப் பெருமை அடிக்காதைங்கோ. கண்ணூறு பட்டுடும்.”

“எனக்குத் தெரியாதே?” என்றேன். உண்மையில் இதில் நான் அவளைவிட மோசம். பிள்ளையை வெளியில் புகழ்ந்ததில்லை, அவள் முகத்துக்கு நேரே அறவே இல்லை.

10:48 ரயில். ஆஹென் எழுபது கிலோமீற்றர், ஒரு மணி நேரம். மாதச் சீட்டு இருப்பவர்களுக்குத் தனிச் செலவில்லை. அன்று இருபத்தைந்து நிமிடம் தாமதம். நானும் ட்ராம் ஓட்டுகிறவன், ஆதலால் திட்டவில்லை, மனதுக்குள் மட்டும் திட்டினேன். ஆஹெனில் இறங்கியபோது 12:05 பஸ் போய்விட்டிருந்தது. சனிக்கிழமைகளில் மணிக்கு ஒன்றுதான். அடுத்ததில் போனால் 1:40க்கு இறங்கலாம், ஆட்டமோ 1:30க்கு. அதனால் போகிறவர்கள் ஒரு ரயில் முன்னதாகவே ஏறுங்கள்.

தரிப்பிடத்தில் இன்னொருவரும் பஸ்ஸைத் தவறவிட்டு நின்றார். அறுபது வயதிருக்கும் ஜேர்மன் பெண், மழைச்சட்டை, முதுகில் பை, கையில் மடக்கு நாற்காலி. ஐஃபெல் காட்டில் நடக்கப் போகிறவர் என்று நினைத்தேன். அவருக்கும் அதே ஊர் என்றதும் டாக்சியைப் பங்குபோட்டோம். பதினெட்டுக் கிலோமீற்றர், நாற்பத்துநான்கு யூரோ, ஆளுக்கு இருபத்திரண்டு.

வழியில் வயல்கள், காற்றாலைகள், மஞ்சள் பூத்த கடுகுபோன்ற பயிர். பார்க்கக் கண்ணுக்குக் குளிர்ச்சிதான். பேச்சுவாக்கில் மகளின் ஆட்டத்துக்குப் போகிறேன் என்று சொன்னேன்.

“நன்றாக விளையாடுவாரா?” என்று கேட்டார் அந்த அம்மா.

எனக்கு உடனே மனைவியின் முகம் வந்தது. “சேச்சே, சும்மா ஓடித் திரிவாள். முழங்காலும் அவ்வளவு சரியில்லை” என்றேன். முழங்கால் சுளுக்கியது இரண்டு வருடத்துக்கு முன்பு, இரண்டு கிழமையில் மாறியும் விட்டது. கண்ணூறுக்கு ஒரு குறை காட்டிவைத்தால் நல்லதுதானே!

“அப்படியா? எத்தனையாம் இலக்கம்?”

“நான்கு.” மரியாதைக்குக் கேட்கிறார் என்று நினைத்துச் சொன்னேன்.

மைதானத்தில் இறங்கியதும் அந்த அம்மா காட்டுப் பக்கம் போகவில்லை. கோட்டோரம் நாற்காலியை விரித்து, பையிலிருந்து குறிப்பெழுதும் கொப்பியை எடுத்தார். பயிற்சியாளர் ஓடிவந்து கைகுலுக்கினார். ஐயோ, ஸ்கௌட் இவரா! நுணலும் தன் வாயால் கெடும் என்று என்னைப் பார்த்துத்தான் சொல்லியிருக்கிறார்கள்.

ஆட்டத்தை நான் பார்த்தேன் என்று சொல்வது பொய். கொப்பியைத்தான் பார்த்தேன். இடைவேளையில் கிட்டப் போய் வாயைத் திறந்தேன், “முடிந்தபிறகு பேசலாம்” என்று கையைக் காட்டிவிட்டார். கொப்பியில் ‘4, முழங்கால்’ என்று ஜேர்மனில் எழுதி இரண்டு கோடு போட்டிருந்தது. மாணவர்கள் விற்ற கேக் ஒன்று இரண்டு யூரோ. நன்றாக இருக்கும் என்று சொன்னார்கள், எனக்கு ருசி தெரியவில்லை. இரண்டாம் பாதியில் கீர்த்தனா பின்வரிசையில் மதில்போல நின்றாள். கடைசி நிமிடங்களில் கோலுக்குள் போகவிருந்த பந்தைச் சறுக்கி விழுந்து காலால் தடுத்தாள். ஒன்றுக்குப் பூச்சியம், எங்களுக்கு வெற்றி.

ஸ்கௌட் அவளைக் கூப்பிட்டு முதல் கேள்வியாகக் கேட்டது: “முழங்கால் எப்படி?”

“என்ர முழங்காலுக்கு என்ன?” என்று கீர்த்தனா விழித்தாள். பிறகு என் பக்கம் திரும்பினாள். “அப்பா?”

ஒளிக்க இடமில்லை. எங்கள் ஆட்கள் பிள்ளையைப் புகழ்ந்தால் கூடாது, கண் பட்டுவிடும், அதனால் குறை சொல்லிவைப்போம் என்று தெரிந்த ஜேர்மனில் விளக்கினேன். பிழை என்னுடையது, பிள்ளையைத் தள்ளிவிடாதீர்கள் என்றும் கேட்டேன். வெட்கத்தில் காது சுட்டது.

அந்த அம்மா விழுந்து விழுந்து சிரித்தார். “உங்கள் பேச்சால் மற்ற எல்லோரையும் விட்டுவிட்டுத் தொண்ணூறு நிமிடமும் இந்தக் காலைத்தான் பார்த்தேன். அதில் ஒரு குறையும் இல்லை. ஜூன் முதல் கிழமை மூன்று நாள் பயிற்சிக்கு வரட்டும். எடுப்போமா என்பதை அங்கே பார்ப்போம். இப்போது உண்மையைச் சொல்லுங்கள், மகள் எப்படி விளையாடுவாள்?”

“மிக நன்றாக விளையாடுவாள்” என்றேன் ஜேர்மனில். “அவள் பின்னால் நின்றால் எனக்குப் பயமே இல்லை.” கீர்த்தனா குனிந்து காலுறையை இழுத்துக்கொண்டே இருந்தாள்.

போகிறவர்களுக்கு: திரும்ப 5:12 பஸ், அதைவிட்டால் 6:12. மைதானத்தில் கூரை இல்லை, குடை அவசியம். சாப்பாட்டுக் கடை சனிக்கிழமை இரண்டு மணிக்கே பூட்டு. கையோடு எதையாவது கட்டிக்கொண்டு போங்கள்.

தரிப்பிடம்வரை கீர்த்தனா கூட வந்தாள். நல்லாத் திட்டப்போகிறாள் என்று எதிர்பார்த்தேன். பஸ் வளைவில் தெரிந்தபோதுதான் வாய் திறந்தாள்.

“அப்பா, அவவுக்குச் சொன்னதை எனக்குத் தமிழிலை ஒருக்காச் சொல்லுங்கோ.”

பஸ் வந்து கதவைத் திறந்தது. சாரதிக்குக் கையைக் காட்டிப் போகச் சொன்னேன். அன்று நான் 6:12க்குத்தான் திரும்பினேன்.