வட்டியைக் குறைக்க மாட்டாராம்

என் கையெழுத்து கோணலாக இருக்கும். ஐந்தாம் வகுப்போடு நின்றவன் என்பதால் பிழைகளும் நிறைய வரும். படிப்பவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். வாயால் சொல்லக் கூச்சப்பட்டுத்தான் எழுதுகிறேன்.

ராயக்கோட்டையிலிருந்து ஓசூர் போகும் எங்கள் கம்பெனி பஸ்ஸில் ஒரு தீபாவளி பண்டு உண்டு. பஸ்ஸில் வருபவர்கள் ஆளுக்கு மாதம் ஆயிரம் ரூபாய் என்னிடம் கொடுப்பார்கள். அதிகம் பேசாதவன், பணம் பத்திரமாக இருக்கும் என்று நம்பினார்கள். பண்டு விஷயம் எதுவானாலும் பஸ்ஸிலேயே கேட்பது வழக்கம். கம்பெனி கேட்டில் இறங்கும் வரை வாய் திறக்காதவர் சம்மதித்ததாக அர்த்தம்.

ஒரு நாள் எங்கள் மெஷின் ஆபரேட்டர் போனோடு எழுந்து நின்றார்.

"அமெரிக்காவுல பெரிய பேங்க் தலைவர மாத்தறாங்க. நம்ம ரிசர்வ் பேங்க் மாதிரி. புதுசா வர்றவரு வட்டியக் கொறைப்பாராம். கொறைச்சா அத்தன பணமும் பிட்காயினுக்கு வரும். அதுக்குள்ள நம்ம பண்டு பணத்தப் போட்டுரணும்."

"இங்கயுந்தான் தலைவர மாத்துனாங்க. எங்கூட்டு கேஸ் வெல கொறஞ்சுதா?" என்று பின் சீட்டிலிருந்து ஒருவர் கேட்டார். பஸ்ஸே சிரித்தது.

கேன்டீனில் பாத்திரம் கழுவும் அம்மா மட்டும் சிரிக்கவில்லை. மகளை நர்சிங் சேர்க்க அந்தப் பணத்தைத்தான் நம்பியிருந்தார். "எனக்கு இதெல்லாம் தெரியாதுங்க. அண்ணன் வேண்டாம்னா வேண்டாம்" என்றார்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். எனக்குப் பயமாகத்தான் இருந்தது. ஆனால் அத்தனை பேர் முன்னால் நாக்கு எழவில்லை. கேட் வந்தது, இறங்கினேன். பணம் என் போன் வழியாகவே காயினுக்குப் போனது.

காயின் விலை சில வாரம் ஏறியது. பிறகு அமெரிக்காவில் புதுத் தலைவர் பெயரை அறிவித்தார்கள். எல்லோரும் எதிர்பார்த்த ஆள் இல்லை. கையை இறுக்கிப் பிடிப்பவர், வட்டியைச் சட்டென்று குறைக்க மாட்டார் என்றார்கள். அன்றைக்கு இறங்க ஆரம்பித்தது, நிற்கவே இல்லை.

"அண்ணா, திங்கக்கெழம காலேஜுல பணம் கட்டணும். என் பங்க மட்டும் குடுத்துருங்க" என்று அந்த அம்மா வந்து நின்றார்.

ஆபரேட்டரிடம் சொன்னேன்.

"இப்ப வித்தா நட்டம்ணா. புதுத் தலைவரு மொதல்ல முறுக்கிக்கத்தான் செய்வாரு. ரெண்டு மாசம் பொறுங்க."

காலேஜ் சீட்டு இரண்டு மாதம் காத்திருக்காது. ஞாயிற்றுக்கிழமை அந்த அம்மாவின் பங்கை விற்றேன். குறைந்ததை ஈடுகட்ட என் பங்கையும் விற்று, அவர் கட்டியிருந்ததை முழுசாகக் கொடுத்தேன்.

"காயின் எறங்கிப்போச்சுன்னாங்களே, முழுசா இருக்குது?"

"உன் பங்கு எறங்கலம்மா" என்றேன்.

அவர் சந்தோஷத்தில் கேன்டீன் முழுக்கச் சொல்லிவிட்டார். மறுநாளே ஆபரேட்டர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "எங்களுது மட்டும் எப்படிண்ணா எறங்குச்சு?" என்று மெதுவாகத்தான் கேட்டார். முன் சீட்டில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

உண்மையைச் சொன்னால் அந்த அம்மா காதுக்குப் போகும். கடன் வாங்கியாவது என் பணத்தைத் திருப்பித் தருவார். அதனால் சொல்லவில்லை. இப்போது என் பக்கத்து சீட் காலியாகவே வருகிறது. மீதிப் பேர் பணம் இன்னும் என் போனில்தான் இருக்கிறது, இன்றைக்கும் கொஞ்சம் இறங்கியிருக்கிறது.

புரட்டாசி பதினொன்றாம் தேதி.